பூண்டு பூசிக்கொண்ட பதினொரு பேர்

சரித்திரத்தில் முதுகலைப் பட்டம் வாங்கிய நான், செத்து முப்பது வருஷம் ஆன ஒரு காட்டெருமையிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், கொடைக்கானல் மலையில் செண்பகனூர் தாண்டியிருந்த ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது. மதுரை வெயிலில் வளர்ந்தவனை வத்தலக்குண்டில் பஸ் ஏற்றி மலைமேல் இறக்கிவிட்டால் என்ன ஆகும்? குரங்குக்குல்லா, அதன்மேல் மப்ளர், அதன்மேல் பனிமூட்டம் என்று மூன்று திரைக்குப் பின்னால் இருந்தபடி தலைமையாசிரியர் அறையைத் தேடினேன். ஒரு கதவைத் தள்ளினேன். அரையிருட்டில் என் முகத்துக்கு நேராக ஒரு பெரிய கறுத்த முகம் முறைத்துக்கொண்டிருந்தது. "சாரி சார்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, உத்தரவு வரும்வரை வெளியே கைகட்டி நின்றேன்.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"பரவாயில்ல, உள்ள வாங்க சார். அவரு ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாரு."

அந்தக் குரல்தான் பஞ்சு சார்.

பழனி மலைத்தொடரில் வனவிலங்குகளைப் பற்றிப் பஞ்சு சாரைப் போல அறிந்தவர் எவரும் கிடையாது. அவரைப் போல ஒரு வனவிலங்கைக்கூடக் கண்ணால் கண்டிராதவரும் கிடையாது. இந்த இரண்டு பெருமைகளும் ஒரே ஆளிடம் இருந்ததால்தான் மற்றவர்கள் வேறு துறைகளுக்குப் போனார்கள்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பள்ளி ரெஜிஸ்தரில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. உத்தியோகம் அட்டெண்டர். பொறுப்பு, 'மியூசியம்' என்று போர்டு மாட்டிய, பிள்ளைகள் 'பொம்மை ரூம்' என்று சொன்ன அந்த ஒற்றை அறை. ஸ்காட்லாந்துப் பக்கம் ஏதோ ஒரு தீவிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர், அந்தக் காலத்தில் மிருகங்களைப் பாடம் செய்து அங்கே வைத்துவிட்டுப் போயிருந்தார். வரையாடு ஒன்று, மலையணில் இரண்டு, கருமந்தி ஒன்று, சுவரில் காட்டெருமைத் தலை ஒன்று. தையல் பிரிந்த இடத்தில் பஞ்சை அடைத்துத் தைப்பதும், பாச்சை உருண்டை வைப்பதும், இறகு பிரஷ்ஷால் தூசி தட்டுவதும் அவர் வேலை. அதனால் பஞ்சு சார்.

தன் ஞானம் முழுவதையும் அவர் அந்த அறைக்குள்ளிருந்தே சேகரித்திருந்தார். பாதிரியாரிடம் பழுப்புக் கண்ணாடிக் கண் தீர்ந்துபோனதாலோ என்னவோ, கருமந்திக்கு ஒரு கண் பழுப்பாகவும் ஒரு கண் நீலமாகவும் இருந்தது. கருமந்தி என்றாலே ஒரு கண் நீலமாகத்தான் இருக்கும் என்று பஞ்சு சார் இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார். உயிரியல் நடத்திய ஸ்டெல்லா டீச்சர் ஒருமுறை மறுத்துப் பார்த்தார்.

"நீங்க எங்கிட்டு பாத்தீங்க டீச்சர்?"

"புக்குல பாத்தேன்."

"நான் நேர்ல பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு, கருமந்தியின் நீலக் கண்ணை வேட்டி நுனியால் துடைத்தார் பஞ்சு சார். டீச்சர் பிறகு அந்த அறைப் பக்கம் போகவில்லை.

பாதிரியார் விட்டுப்போன சொத்தில் ஒரு போட்டோவும் உண்டு. அவருடைய தீவில், ஊர்க்காரர்கள் கும்பலாகக் கிளம்பிக் கிராமம் கிராமமாக நடந்து பறவைகளையும் மிருகங்களையும் பார்ப்பார்களாம். அந்தப் போட்டோவில் எட்டுப் பேர் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு எதுவும் அதில் இல்லை. பஞ்சு சார் அந்தப் போட்டோவிலிருந்துதான் எங்கள் பள்ளியின் வருடாந்திர ஆசிரியர் சுற்றுலாவை உண்டாக்கினார். ஆயுதபூஜை லீவில் ஒரு நாள். மலைக் கிராமங்களும் வனவிலங்குகளும். தலைமை, பஞ்சு சார்.

சுற்றுலாவுக்குச் சட்டதிட்டங்கள் இருந்தன. பவுடர் கூடாது. மல்லிகைப்பூ கூடாது. தலைக்கு எண்ணெய் கூடாது. காடு தொடங்கும் இடத்தில் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். பஞ்சு சார் ஒரு டப்பாவைத் திறப்பார். உள்ளே மலைப்பூண்டு விழுது. கழுத்தில், மணிக்கட்டில், முழங்காலில் ஆளுக்கொரு உருண்டை தேய்த்துக்கொள்ள வேண்டும்.

"மனுச வாட அடிச்சா மிருகம் ஓடிரும் சார். இது இந்த மண்ணுல வெளயிற சாமான். இந்த வாடயில போனா, நம்ம ஊரு ஆளுகதான்னு அதுபாட்டுக்கு நிக்கும்."

இதைக் கேட்டபோது எனக்கு விஞ்ஞானம் போலத்தான் பட்டது. நான் மற்றவர்களைவிட இரண்டு உருண்டை அதிகமாகத் தேய்த்துக்கொண்டேன். வீடு திரும்பினால் என் மனைவி என் தட்டை வாசலில் வைப்பாள். ரசத்தைத் தாளிக்கத் தேவையில்லை, நீங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றால் போதும் என்பாள்.

முதல் வருஷம் பேரிஜம் ஏரிப் பக்கம் போனோம். எறும்பைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. ஈரத்தில் அத்தனை தூரம் நடந்தும் ஓர் அட்டைகூட எங்களைக் கடிக்கவில்லை. பார்த்தீர்களா, அட்டையே நம்மை மனிதர்களாக மதிக்கவில்லை என்று பஞ்சு சார் பூரித்துப்போனார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டாம் வருஷம் மன்னவனூர். பனிமூட்டத்துக்குள் வெள்ளையாக ஏதோ அசைந்தது. பஞ்சு சார் கையைத் தூக்கினார். பதினொரு பேரும் ஈரப் புல்லில் குப்புற விழுந்து, கால் மணி நேரம் பல்லியைப் போல ஊர்ந்தோம். பனி விலகியபோது எதிரே நாற்பது செம்மறியாடுகள் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. மேய்ப்பவர் வந்து, எதைத் தொலைத்துவிட்டீர்கள், நானும் தேடுகிறேன் என்றார்.

மூன்றாம் வருஷம் ஒரு சாணம் கிடைத்தது. காட்டெருமையுடையதுதான் என்று பஞ்சு சார் சத்தியம் செய்து, டிபன் கேரியரின் காலியான மேலடுக்கில் வைத்துக்கொண்டார். கேரியர் டிரில் மாஸ்டருடையது. பகை அங்கேதான் தொடங்கியது.

டிரில் மாஸ்டர் ஒண்ணேகால் ஆள் உயரம். பேசினால் மூன்று மைதானத்துக்குக் கேட்கும். மறுவருஷச் சுற்றுலாவைத் தீர்மானிக்கக் கூடிய ஆசிரியர் கூட்டத்தில் அவர் எழுந்து, மூன்று வருஷமாகக் காட்டுக்குப் போய் ஆடு, சாணம், எறும்பு ஆகியவற்றைப் பார்த்தாயிற்று, இனி மனிதர்கள் போகிற வைகை அணைக்குப் போகலாம், அங்கே பூங்காவும் பஜ்ஜியும் உண்டு என்றார். பஜ்ஜி என்ற சொல்லுக்கு அறையில் நல்ல மரியாதை கிடைத்தது. தலைமையாசிரியர் நியாயஸ்தர். யாருக்கும் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருப்பார். கண்ணை மூடி யோசித்துவிட்டுச் சொன்னார்: "மிஸ்டர் பஞ்சு, ஒன் லாஸ்ட் சான்ஸ். இந்தத் தடவை ஒரு பெரிய மிருகத்தையாவது பாக்கணும். இல்லைன்னா அடுத்த வருஷம் வைகை டேம்."

அன்று மத்தியானம் நான் பொம்மை அறைக்குப் போனேன். வெளியே மழை. பஞ்சு சார் ஸ்டூல் மேல் ஏறி நின்று, காட்டெருமையின் நெற்றி முடியைச் சீப்பால் வாரிக்கொண்டிருந்தார்.

"ஒங்ககிட்ட சொல்றதுக்கென்ன சார். உசுரோட ஒண்ணக்கூட நான் பாத்ததில்ல."

எனக்கு அது தெரியும். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஆச்சரியப்பட்டேன். இப்போதென்றால் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டிலேயே காட்டெருமை வந்து நின்று டைம் டேபிளைப் படிக்கிறது. அந்தக் காலத்தில் அது மனிதர்களை அவ்வளவாக மதிப்பதில்லை.

"அடுத்த வருசத்தோட எனக்கு ரிட்டயர்மெண்ட். இருவத்திரெண்டு வருசமா இவரு மூஞ்சிய மட்டுமே தொடைக்கிறேன். கழுத்துக்குக் கீழ என்னா இருக்குன்னே தெரியாமப் போயிருவேன் போல."

படத்தில் பார்த்துக்கொள்ளலாமே என்றேன்.

"படத்த நம்பலாமா சார்? படத்துல நம்ம ஹெட்மாஸ்டரு சிரிக்கிறாரு."

நான்காம் வருஷம் வெள்ளனே கிளம்பிப் பூம்பாறைக்குப் போனோம். பள்ளத்தாக்கு முழுவதும் படிப்படியாக வயல்கள். ஓட்டு வீடுகளில் அடுப்புப் புகைக்கு மேலே பூண்டுக் கட்டுகள் தொங்கின. இந்தத் தடவை எதுவும் தவறிவிடக் கூடாது என்று பஞ்சு சார் விழுதுக்குப் புதுப் பூண்டே வேண்டும் என்றார். ஊர்க் கடைசியில், காட்டை ஒட்டிய வயலில், பூண்டைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் என்கிற பெண்மணியிடம் கேட்டார். நல்ல மனுஷி. எடுத்துக்கொள்ளுங்கள் என்று அம்மிக்கல்லையும் காட்டினார். பஞ்சு சார் அரைத்தார். நாங்கள் வரிசையில் நின்றோம். தலைமையாசிரியர் கோட்டைக் கழற்றி, காலரை இறக்கி, பிஷப்புக்கு முன்னால் நிற்பதுபோல் கழுத்தை நீட்டினார்.

பேச்சியம்மாள் கட்டுவதை நிறுத்திவிட்டார்.

"என்ன சார், எல்லாத்துக்கும் வாயுப் பிடிப்பா?"

பஞ்சு சார் தன் விஞ்ஞானத்தைப் பொறுமையாக விளக்கினார். பேச்சியம்மாள் கடைசிவரை கேட்டார். பிறகு வரப்பில் உட்கார்ந்தார். பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வயலின் காட்டோர வரிசையைக் காட்டினார்.

"அந்தக் கடைசிப் பாத்தி பூராம் பூண்டுதான சார் போட்டு வச்சிருக்கோம். எதுக்குன்னு நெனக்கிறீங்க? உருளக்கெழங்க ஓரத்துல போட்டா காட்டுமாடு வந்து திங்கும். பூண்டு வாட புடிச்சுச்சுன்னா அந்தத் தெசைக்கே திரும்பாது."

காட்டுமாடு என்று அவர் சொன்னது எங்கள் காட்டெருமையைத்தான். பூசிய பூண்டு பதினொரு கழுத்திலும் மெதுவாக எரிந்தது.

முதலில் டிரில் மாஸ்டர்தான் வாயைத் திறந்தார்.

"அப்ப மூணு வருசமா நாம காட்டச் சுத்தி வேலி கட்டிட்டு வந்திருக்கோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எல்லோரையும்விட இரண்டு உருண்டை அதிகமாகத் தேய்த்துக்கொண்டவன். பஞ்சு சார் சிரிக்கவில்லை. டப்பாவை மூடி வரப்பில் வைத்தார். யாரையும் பார்க்காமல் கீழே ஓடைக்கு இறங்கிப் போனார். சட்டையைக் கழற்றினார். அந்தக் குளிரில், அந்தத் தண்ணீரில், கழுத்தை மண் போட்டுத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தார். இருபத்திரண்டு வருஷமாக இன்னொருவரின் முகத்தை அவர் துடைத்ததும் அதே நிதானத்தில்தான்.

மேலே சிரிப்பு நின்றுவிட்டது. முதலில் ஸ்டெல்லா டீச்சர் இறங்கிப் போய் மணிக்கட்டைக் கழுவினார். அடுத்து நான். அடுத்து தலைமையாசிரியர், கௌரவம் நனையாத அளவுக்கு. பதினொரு பேரும் ஓடையில் நின்று பல் தந்தியடிக்கக் கழுத்தைத் தேய்த்ததைப் பூம்பாறையே மேட்டில் நின்று பார்த்தது. வனவிலங்கைப் பார்க்க வந்தவர்களுக்கு இல்லாத அதிர்ஷ்டம் அந்த ஊர்க்காரர்களுக்கு இருந்தது.

பேச்சியம்மாளுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. மேலேயிருந்து சொன்னார்.

"நாலு மணி வாக்குல ஒத்த மாடு ஒண்ணு அந்தக் கல்லுக்கட்டுக்கு அங்கிட்டு தண்ணிக்கு வரும். சத்தம் காட்டாம கெடந்தீங்கன்னா பாக்கலாம். எப்பயும் வரும்னு சொல்ல முடியாது."

கொடைக்கானலுக்குக் கடைசி பஸ் ஐந்து மணிக்கு. நனைந்த ஆசிரியர் சமூகத்துக்கு அந்த நேரத்தில் டீயைத் தவிர வேறு லட்சியம் இருக்கவில்லை. ஐந்துக்குள் வந்துவிட வேண்டும் என்று உத்தரவிட்டுவிட்டுத் தலைமையாசிரியர் கும்பலோடு டீக்கடைக்குப் போனார். வைகை டேமில் வெயில் அடிக்கும் என்று டிரில் மாஸ்டர் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். நான் மட்டும் பஞ்சு சாரோடு இருந்தேன். விசுவாசம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர் என் ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கல்லுக்கட்டு இடுப்பு உயரம். அதற்குப் பின்னால் இருவரும் குந்தியிருந்தோம். மணி நாலானது. நாலரை ஆனது. கீழே பஸ் வந்து திரும்பி நிற்கும் சத்தம் கேட்டது. போகலாம் சார் என்று நான் சைகை காட்டினேன். பஞ்சு சார் அசையவில்லை. அப்போதுதான் மரங்களுக்குள் ஒரு கிளை முறிந்தது. பிறகு ஒரு மூச்சு. இரும்புப் பட்டறையில் துருத்தி ஊதுகிற மாதிரி ஒரு மூச்சு, எங்களுக்குப் பத்தடியில்.

அந்த நிமிஷத்தில் நான் என்ன செய்தேன் என்பதை இத்தனை வருஷம் கழித்து உங்களிடம் மட்டும் சொல்கிறேன். குப்புறப் படுத்தேன். முகத்தைப் புல்லில் வைத்துக் கண்களை இறுக மூடினேன். எனக்குத் தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன். பள்ளிக்கூடம் மிஷனுடையது என்பதால் அவர்கள் தெய்வத்தையும் விட்டுவைக்கவில்லை. என் ஸ்வெட்டரைப் பிடித்திருந்த கை மெல்ல நழுவியது. பஞ்சு சார் எழுந்து நிற்கிறார் என்று தெரிந்தது. தண்ணீர் உறிஞ்சும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, ஜெபம் சொல்கிறவரைப் போல அவர் குரல்.

"சார்... காலு. முட்டிக்குக் கீழ வெள்ள வெளேர்னு சாக்ஸ் போட்டிருக்கு சார். நாலு கால்லயும்."

நான் கண்ணைத் திறந்தபோது ஓடைக்கரையில் சேறு கலங்கியிருந்தது, அவ்வளவுதான். பஞ்சு சார் கல்லுக்கட்டின்மேல் இரண்டு கைகளையும் வைத்து நின்றுகொண்டிருந்தார். முகம் நனைந்திருந்தது. ஓடைத் தண்ணீர் இன்னும் காயவில்லை என்று அன்று நினைத்துக்கொண்டேன். நான் சரித்திர ஆசிரியன். ஆதாரமில்லாமல் எதையும் சொல்வதில்லை.

பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து காட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். லீவு முடிந்த பிறகு ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் கேட்டபோதுதான் எழுந்து சொன்னார். காட்டெருமையைப் பார்த்தேன், தோளில் திமில் மேடுபோல இருந்தது, நாலு காலும் முட்டிக்குக் கீழே வெள்ளை. இத்தனை காலம் அவர் சொன்ன பொய்களை எல்லாம் நம்பிய அந்த அறை, முதல் முறையாக அவர் உண்மை சொன்னபோது நம்ப மறுத்தது.

"சாக்ஸ் போட்டிருந்துச்சு. சரி. ஷூவக் கழட்டி வச்சிட்டு வந்துச்சாக்கும்?" என்றார் டிரில் மாஸ்டர்.

புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது என்று ஸ்டெல்லா டீச்சர் சொன்னார். உதவி செய்யத்தான் சொன்னார். அப்படியானால் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார் என்று டிரில் மாஸ்டர் அதையும் மடக்கிவிட்டார். பஞ்சு சார் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாதாடத் தெரியாத மனிதர். அத்தனை வருஷமும் அவர் பேசிய ஜீவன்கள் எதுவும் எதிர்வாதம் செய்ததில்லை.

தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார். "நீங்க கூட இருந்தீங்கள்ல. பாத்தீங்களா?"

பானிபட்டில் நடந்த மூன்று போர்களையும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் வருஷா வருஷம் யானை எந்தப் பக்கம் விழுந்தது என்பதுவரை பிள்ளைகளுக்குச் சொல்கிறவன் நான். எழுந்தேன். காட்டெருமை மரங்களுக்குள்ளிருந்து வந்த விதத்தைச் சொன்னேன். கொம்பில் பாசி ஒட்டியிருந்ததைச் சொன்னேன். நாலு வெள்ளைக் காலையும் தனித்தனியாகச் சொன்னேன். தண்ணீர் குடித்து முடித்துத் தலையைத் தூக்கி எங்களை ஒரு பார்வை பார்த்ததையும், குதிரைவால் போல அடர்ந்து தரையைத் தொடுகிற அதன் வால் பனிமூட்டத்துக்குள் மறைந்ததையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். டிரில் மாஸ்டர்கூட வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். சரித்திரத்தை அவருக்கு யாராவது முன்பே இப்படி நடத்தியிருந்தால் டிரில்லுக்குப் போயிருக்க மாட்டார்.

"தென் ஓகே. அடுத்த வருஷமும் மிஸ்டர் பஞ்சு" என்றார் தலைமையாசிரியர்.

கூட்டம் கலைந்தது. நான் ஒரு சாம்ராஜ்யத்தைக் காப்பாற்றிய நடையில் வராந்தாவில் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து பஞ்சு சார் வேகமாக வந்து சேர்ந்துகொண்டார். கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். பிறகு யாருக்கும் கேட்டுவிடாதபடி என் காதோரம் குனிந்தார்.

"எல்லாம் நல்லா சொன்னீங்க சார். வாலுதான் தப்பு, அது அம்புட்டுப் பெருசெல்லாம் இல்ல. நீங்க புல்லுக்குள்ள மூஞ்சியப் பொதச்சுக்கிட்டு கெடந்தீங்கள்ல, அதான் தெரியல. அடுத்த வருசம் கண்ணத் தொறந்து வச்சிருங்க, காட்டுறேன்."